துக்கம் எத்தனை நாள்?

நெருங்கிய ஒருவரை இழந்தவர் எவ்வளவு காலம் துயருறலாம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு சமூகமும் ஏதேனும் ஒரு விடையை வைத்திருக்கிறது. தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்கள் பலவற்றில் பதினாறாம் நாள் கருமாதியோடு துக்கம் கழிகிறது. யாழ்ப்பாணத்துச் சைவர்களிடையே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கோடு துடக்கு என்னும் தீட்டு நீங்குகிறது. இஸ்லாமிய நெறியில் கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க, மற்ற உறவினருக்கான துக்கம் மூன்று நாளோடு முடிகிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட நோய்வகைப்பாட்டு நூலோ, வயது வந்த ஒருவரின் கடுந்துயரம் பன்னிரண்டு மாதம் கடந்தும் தணியாமல் அன்றாட வாழ்வை முடக்குமானால் அதனைக் கோளாறு எனக் கருதலாம் என்கிறது.

இந்தக் கணக்குகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருளை அளக்கின்றன. ஒன்று தீட்டின் காலத்தையும், இன்னொன்று மறுமணத்துக்கு முன் காத்திருக்க வேண்டிய காலத்தையும், வேறொன்று மருத்துவர் தலையிட வேண்டிய எல்லையையும் குறிக்க, இழந்தவரின் உள்ளத்தில் நிகழ்வது இவற்றுள் எதனோடும் நாள் பிசகாமல் பொருந்துவதில்லை. இழப்பு என்பது நிகழ்ச்சி. துயரம் என்பது அந்நிகழ்ச்சிக்கு உடலும் மனமும் காட்டும் எதிர்வினை. துக்கம் காத்தல் என்பது அந்த எதிர்வினைக்குச் சமூகம் வகுத்துத் தந்த வடிவம். இம்மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்த்த கடந்த நூறாண்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினால், துயரத்தின் போக்கைத் தீர்மானிப்பதில் நாள்களின் எண்ணிக்கையைவிட வேறு மூன்று காரணிகள் வலிமையானவை என்பது புலப்படும்: இறப்பை உறுதியாக அறிய முடிந்ததா, உடன் அழ ஆள் இருந்தார்களா, இறந்தவருக்கு வாழ்பவர்களின் உலகில் ஏதேனும் ஓர் இடம் கிடைத்ததா என்பவையே அவை.

உடலில் இறங்கும் துயரம்

துயரத்தை மருத்துவ நோக்கில் முறைப்படி ஆராய்ந்த தொடக்க கால முயற்சிகளுள் ஒன்று, பெரும் தீ விபத்து ஒன்றை ஒட்டி மேற்கொள்ளப்பட்டது. 1942 நவம்பர் 28 அன்று இரவு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோகனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி தீப்பற்றி எரிந்ததில் 492 பேர் இறந்தனர். அந்நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய உளமருத்துவர் எரிக் லிண்டமன், இத்தீயில் உறவினரைப் பறிகொடுத்தவர்களும் வேறு வகையில் இழப்புக்கு ஆளானவர்களுமாக 101 பேரைச் சந்தித்து, தாம் கண்டவற்றை 1944இல் கட்டுரையாக எழுதினார். துயரம் இடைவிடாது ஒரே அளவில் நீடிப்பதில்லை என்பதும், இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை அலைக்கழித்துவிட்டு அடங்கிப் பின்னர் மீண்டும் எழுகிறது என்பதும் அக்கட்டுரையின் முதன்மையான அவதானிப்புகள். அந்த நேரங்களில் தொண்டை அடைத்தது, மூச்சு முட்டியது, பெருமூச்சு அடிக்கடி எழுந்தது, வயிறு வெறுமையாகத் தோன்றியது, கைகால்கள் சோர்ந்தன. இறந்தவரின் பெயரைக் கேட்டாலோ எவரேனும் பரிவோடு விசாரித்தாலோ இந்நிலை தூண்டப்பட்டதால், சிலர் ஆறுதல் சொல்ல வருபவர்களையே தவிர்க்கத் தொடங்கினர். இறந்தவருக்கு இன்னும் ஏதாவது செய்திருக்கலாமே என்ற குற்றவுணர்வும், சுற்றியிருப்பவர்கள்மீது காரணமின்றி எழும் எரிச்சலும் இவற்றோடு சேர்ந்துகொண்டன.

துக்கத்தால் நெஞ்சு வெடித்து இறந்தார் என்று ஊரார் சொல்வதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. பிரிட்டனில் காலின் மர்ரே பார்க்ஸும் அவருடைய சகாக்களும் மனைவியை இழந்த, 55 வயதைக் கடந்த ஆண்கள் 4,486 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரையில், முதல் ஆறு மாதங்களில் இவர்களது இறப்பு விகிதம் அதே வயதுடைய மணமான ஆண்களின் விகிதத்தைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகமாக இருந்தது என்றும், அதன்பின் அந்த வேறுபாடு படிப்படியாகக் குறைந்தது என்றும் குறிப்பிட்டனர். மாரடைப்பால் பாதிக்கப்பட்டவர்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வொன்று, நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு வழக்கமான வாய்ப்பைப் போல் ஏறத்தாழ 21 மடங்கு உயர்வதாகக் கண்டது. தனிமனிதர் ஒருவருக்கு அந்த வாய்ப்பு இயல்பாகவே மிகக் குறைவு என்பதால் இவ்வெண்ணைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. ஆனால் ஏற்கெனவே இதய நோயுள்ள முதியவர் ஒருவர் சாவு வீட்டில் மூன்று வேளையும் உண்ணாமல், உறங்காமல், மாத்திரையை மறந்து அமர்ந்திருப்பதைக் கவனிக்க ஒருவர் வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. திடீர் அதிர்ச்சியால் இதயத்தின் இடது கீழறை தற்காலிகமாக வலுவிழந்து உப்பும் டாகோட்சுபோ என்ற நிலையும் 1990இல் ஜப்பானிய மருத்துவர்களால் விவரிக்கப்பட்டது; மாரடைப்பின் அறிகுறிகளோடு தோன்றும் இந்நிலை இதயக் குழாய்களில் அடைப்பு இல்லாமலே ஏற்படுகிறது, பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகியும் விடுகிறது.

படிகளா, தேடலா

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்து படிகளைத் துயரத்தின் பொதுவிதியாகப் பலரும் அறிந்திருக்கின்றனர். இதனை வகுத்த எலிசபெத் கூப்ளர்-ராஸ், 1969இல் வெளியான தமது நூலில் பேசியது இறந்தவர்களின் உறவினரைப் பற்றியன்று. சிகாகோ மருத்துவமனையில் தாமே இறந்துகொண்டிருந்த நோயாளிகளைப் பற்றி. சாகப் போகிறவர் தம் முடிவை எதிர்கொள்ளும் முறைக்காகச் சொல்லப்பட்ட வரிசை, பிற்காலத்தில் எஞ்சியிருப்பவர்களின் துயரத்துக்கும் ஏற்றிச் சொல்லப்பட்டு, கோபம் வராதவருக்கு ஏதோ குறை என்றும், ஓராண்டில் ஏற்பை எட்டாதவர் பின்தங்கிவிட்டார் என்றும் பொருள்கொள்ளும் அளவுக்குச் சென்றுவிட்டது. இயற்கையான காரணங்களால் உறவினரை இழந்த 233 பேரை ஈராண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து 2007இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகளின்படி, இறப்பை ஏற்கும் மனநிலை தொடக்கத்திலிருந்தே பெரும்பாலோரிடம் இருந்தது. துன்ப உணர்ச்சிகளுள் மேலோங்கி நின்றது மறுப்போ சோர்வோ அன்று, இறந்தவரை மீண்டும் காண வேண்டும் என்ற ஏக்கம்தான்.

ஏக்கம் மையமாக இருப்பதன் காரணத்தை, குழந்தைக்கும் தாய்க்கும் இடையிலான பிணைப்பை ஆராய்ந்த ஜான் பௌல்பியின் கோட்பாடு விளக்குகிறது. தாயைப் பிரிந்த குழந்தை முதலில் அழுது தேடுவதும், தேடிக் கிடைக்காதபோது ஒடுங்குவதும் உயிர் தப்பப் பயன்படும் இயல்பூக்கங்கள் என்று கருதிய அவர், வயது வந்தவரின் துயரமும் அதே பிணைப்பின் எதிர்வினை என்றார். இனிக் கிடைக்க மாட்டார் என்று அறிவு உணர்ந்தாலும் தேடும் இயல்பு உடனே நின்றுவிடுவதில்லை. கூட்டத்தில் அதே நடையுள்ள ஒருவரைக் கண் பின்தொடர்கிறது, வழக்கமாக வீடு திரும்பும் நேரத்தில் காது வாசலுக்குச் செல்கிறது, சோறு வடிக்கும்போது கை பழைய அளவிலேயே அரிசியை அள்ளுகிறது. இவ்வாறு வாழ்க்கையின் சிறுசிறு இடங்களில் எதிர்பார்ப்பு எழுந்து ஏமாறுவதன் வழியாகவே மனம் இல்லாமையைக் கற்றுக்கொள்கிறது என்பதால்தான், ஒரு பொங்கலும் ஒரு பிறந்த நாளும் ஒரு பள்ளித் தொடக்கமும் அவரில்லாமல் கடந்து போகும் முதலாண்டு மிகக் கடினமாக இருக்கிறது.

இறந்தவர் அருகில் இருப்பதாகத் தோன்றுவதும் இத்தேடலோடு தொடர்புடையது. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ் தமது பகுதியில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் விசாரித்து 1971இல் எழுதிய கட்டுரையில், ஏறத்தாழ பாதிப் பேர் இறந்த துணையின் இருப்பை உணர்ந்தோ, உருவத்தைக் கண்டோ, குரலைக் கேட்டோ இருந்தனர் என்பதும், அவர்களுள் பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்திருந்தனர் என்பதும் தெரியவந்தது. பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம் பரவலாக இருந்தாலும், அந்த அனுபவம் துயரத்தின் இயல்பான கூறுகளுள் ஒன்றாகவே இன்று கருதப்படுகிறது.

விட்டுவிடுவதும் வைத்துக்கொள்வதும்

துயரத்தின் நோக்கம் என்ன என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் செல்வாக்குப் பெற்றிருந்த விடை சிக்மண்ட் பிராய்டுடையது. 1917இல் வெளியான தமது கட்டுரையில், இறந்தவரோடு பிணைந்த ஒவ்வொரு நினைவாக எடுத்துப் பார்த்து, அவர் இனி இல்லை என்ற உண்மையோடு ஒப்பிட்டு, அவர்மீது வைத்த உளப்பற்றைச் சிறிது சிறிதாக மீட்டெடுப்பதே துயரம் செய்யும் வேலை என்றும், அவ்வேலை முடிந்தபின் மனம் புதிய பற்றுகளுக்கு விடுதலை பெறுகிறது என்றும் அவர் விளக்கினார். இவ்விளக்கத்தைப் பின்பற்றிய பலர் இறந்தவரை விட்டுவிடுவதே நலமடைவதன் அடையாளம் என்று கொண்டதால், படத்தோடு பேசும் விதவையும் மகனின் சட்டையை எடுத்து வைத்திருக்கும் தாயும் துயரை முடிக்கத் தெரியாதவர்களாகக் கருதப்பட்டனர்.

பிராய்டின் சொந்த வாழ்க்கை இக்கொள்கைக்கு உட்பட மறுத்தது. அவருடைய மகள் சோஃபி 1920 ஜனவரியில் இன்ஃபுளுயன்சா காய்ச்சலால் இறந்தாள். சோஃபியின் இளைய மகன், அவருக்கு மிகவும் பிரியமான பேரன், 1923இல் நான்கு வயதில் இறந்தான். சோஃபி உயிரோடிருந்தால் 36 வயதை எட்டியிருக்கக்கூடிய 1929 ஏப்ரலில், மகனை இழந்திருந்த நண்பர் லுட்விக் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், கடுந்துயரம் தணியும் என்றாலும் இழந்தவருக்கு ஈடு ஒருபோதும் கிடைக்காது என்றும், அந்த இடத்தை வேறெது நிரப்பினாலும் அது வேறாகவே இருக்கும் என்றும், அன்பைக் கைவிடாதிருக்க அதுவே வழி என்பதால் அப்படி இருப்பதே சரி என்றும் பிராய்டு குறிப்பிட்டார். கோட்பாட்டாளர் சொன்னதற்கு மாறாகத் தந்தை உணர்ந்ததை உளவியல் துறை ஏற்றுக்கொள்ள இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகியோர் தொகுத்து 1996இல் வெளியிட்ட நூல், குழந்தையை இழந்த பெற்றோரும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் உறவை அறுத்துக்கொள்வதில்லை, அதை மாற்றியமைத்துத் தொடர்கின்றனர் என்று காட்டியது. தொடரும் பிணைப்பு என்று இதனைக் குறிப்பிடுகின்றனர்.

1999இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபியும் ஹெங்க் ஷூட்டும் முன்வைத்த இருவழிக் கோட்பாடு, இழந்தவர் இரண்டு வேலைகளுக்கு இடையே மாறிமாறிச் செல்வதாகக் கூறுகிறது. இறந்தவரை நினைத்து அழுவதும், படங்களைப் பார்ப்பதும், இறந்த விதத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் ஒரு வேலை. வங்கிக் கணக்கைக் கற்றுக்கொள்வதும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வழி தேடுவதும், மனைவி, மூத்த மகன் என்ற பழைய இடம் மாறிப் புதிய பொறுப்பை ஏற்பதும் இன்னொரு வேலை. முதல் வேலையிலேயே மூழ்கினாலும் இரண்டாவதற்குள் முழுவதுமாக ஒளிந்துகொண்டாலும் இடர் உண்டு. காலையில் அலுவலகத்தில் சிரித்துப் பேசியவர் மாலையில் உடைந்து அழுவது முரண்பாடன்று, அந்த ஊசலாட்டமே நலத்தின் அடையாளம். எல்லோரும் நெடுநாள் உருக்குலைவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜார்ஜ் பொனான்னோ குழுவினர் துணையை இழந்த 205 பேரை இழப்புக்கு முன்பிருந்தே தொடர்ந்து ஆராய்ந்து 2002இல் வெளியிட்டபோது, ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் மனச்சோர்வில் வீழாமல் இயல்பாக வாழ்ந்ததைக் கண்டனர். பெரிதாக அழாதவர் அன்பற்றவர் என்ற ஊர்ப்பேச்சுக்கு இம்முடிவு இடம் தரவில்லை.

சாவு வீடு வகுத்த ஒழுங்கு

ஆய்வாளர்கள் அண்மையில் கண்டடைந்த இவற்றுள் சிலவற்றைத் தமிழர் வழக்கங்கள் நெடுங்காலமாகவே நடைமுறையில் வைத்திருக்கின்றன. ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி விவரங்கள் மாறினாலும் பொதுவான போக்கு ஒன்று உண்டு. உடலைக் குளிப்பாட்டுவதும், வாய்க்கரிசி இடுவதும், கொள்ளிக்குடத்தை உடைத்துத் திரும்பிப் பாராமல் நடப்பதும், மறுநாளோ மூன்றாம் நாளோ பால் தெளிக்கச் சென்று எலும்பைக் கையால் எடுப்பதும், இறப்பைக் கண்ணும் கையும் ஐயமற அறியும்படி செய்கின்றன. பதினாறு நாளும் அடுப்பையும் வருவோரையும் உறவினர் கவனித்துக்கொள்வதால் துயருறுபவர் வேறு பொறுப்பின்றி இருக்க முடிகிறது. கருமாதியன்று தாய்மாமனோ சம்பந்தி முறையினரோ தலைப்பாகை கட்டிவிடும் உருமாக்கட்டு, தந்தையை இழந்த மகனைக் குடும்பத்தின் புதிய பொறுப்பாளனாக ஊரறிய நிறுத்துகிறது. இருவழிக் கோட்பாடு சொல்லும் இரண்டாவது வேலையை இங்கே சடங்கே தொடங்கி வைக்கிறது. யாழ்ப்பாணத்தில் அந்தியேட்டியன்று வழங்கப்படும் கல்வெட்டு என்னும் நினைவு நூல், இறந்தவரின் வாழ்க்கை வரலாற்றையும் அவர்மீது பாடப்பட்ட இரங்கற்பாக்களையும் தாங்கி, அவரைப் பற்றிய முழுமையான கதை ஒன்றைக் குடும்பத்தார் கையில் தருகிறது.

அழுகைக்கும் வடிவம் உண்டு. ஒப்பாரி இறந்தவரை முன்னிலையில் விளித்து, அவர் வளர்த்த விதத்தையும் விட்டுச் சென்ற நிலையையும் அடுக்கிச் சொல்கிறது. துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு வட்டமாக அமர்ந்து அழும்போது, ஒவ்வொருத்தியும் தன் பிறந்த வீட்டு இழப்புகளையும், புகுந்த வீட்டில் பட்டதையும், முன்பே இறந்த தன் பிள்ளையையும் அப்பாட்டுக்குள் கொண்டுவருகிறாள். தமிழ்நாட்டில் களஆய்வு செய்து 2005இல் இவ்வழுகைப் பாடல்களைப் பற்றி நூல் எழுதிய மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசே, அங்கே இறந்தவருக்காக மட்டும் யாரும் அழுவதில்லை என்பதையே தம் நூலின் மையக் கருத்தாக்கினார். ஒருவரின் சாவு, மற்றவர்கள் முடிக்காமல் வைத்திருந்த துயரங்களுக்கும் வாய்ப்பளிக்கிறது என்பதால் இதனைப் பாசாங்கு என்று தள்ளிவிட இயலாது.

சடங்குகள் முடிந்தபின்னும் உறவு முடிவதில்லை. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் நீர்நிலைகளில் எள்ளும் நீரும் இறைப்பதும், இலங்கையில் தந்தையை இழந்தவர் ஆடி அமாவாசையிலும் தாயை இழந்தவர் சித்திரா பௌர்ணமியிலும் விரதம் இருப்பதும், இறந்தவருக்குப் பிடித்த பலகாரத்தைச் செய்து படைத்துக் காக்கைக்கு வைப்பதும், நவம்பர் 2ஆம் நாள் கத்தோலிக்கர்கள் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றுவதும், சுமங்கலியாக இறந்தவளை வடதமிழ்நாட்டுக் குடும்பங்கள் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக வணங்குவதும் தொடரும் பிணைப்பின் வெவ்வேறு வடிவங்களே. நாளும் இடமும் குறிக்கப்பட்டிருப்பதால் நினைவு அன்றாட வாழ்வை விழுங்கிவிடாமலும், முற்றிலும் மறைந்துவிடாமலும் காக்கப்படுகிறது.

இவ்வொழுங்கு குலையும்போது அதன் பயன் தெளிவாகத் தெரிகிறது. கொரோனாக் காலத்தில் உடலைப் பார்க்கவும் தொடவும் முடியாமல், நான்கைந்து பேர் மட்டும் தொலைவில் நிற்க இறுதிச் சடங்கு முடிந்த குடும்பங்கள் இந்தியாவெங்கும் இருந்தன. இலங்கையில் அந்நோயால் இறந்தவர்கள் அனைவரும் மத நம்பிக்கையைப் பொருட்படுத்தாமல் எரியூட்டப்பட வேண்டும் என்று 2020இல் விதிக்கப்பட்டதால், அடக்கம் செய்வதைக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் இறப்பின் துயரோடு கடமை தவறிய துயரையும் சுமந்தன. 2021 பிப்ரவரியில்தான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது.

அழ அனுமதி இல்லாதவர்கள்

வழக்கங்கள் ஆறுதல் அளிப்பது போலவே காயப்படுத்தவும் செய்கின்றன. கணவனை இழந்தவளைப் பூவும் பொட்டும் வளையலும் சூட்டி அமர்த்தி, பின்னர் அவற்றையும் தாலியையும் பலர் முன்னிலையில் அகற்றும் சடங்கு, துயரின் உச்சத்தில் இருப்பவளின் தோற்றத்தையும் சமூக இடத்தையும் ஒரே நேரத்தில் பறிக்கிறது. அதன்பின் நல்ல காரியங்களில் அவள் முன்னே நிற்கக் கூடாது என்ற விலக்கு, உடன் ஆள் தேவைப்படும் காலத்திலேயே அவளைத் தனிமைப்படுத்துகிறது. பறையடிப்பதும் இழவு சொல்லப் போவதும் வெட்டியான் வேலையும் குறிப்பிட்ட சாதியினர்மீது கட்டாயமாகச் சுமத்தப்பட்டிருந்தன என்பதால், ஒரு வீட்டின் துக்கத்துக்கு ஒழுங்கு தந்த ஏற்பாடு இன்னொருவரின் இழிவின்மீது நின்றது என்பதையும் மறைக்க இயலாது.

துயருறும் உரிமையே மறுக்கப்படும் நிலைக்கு அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் உரிமை மறுக்கப்பட்ட துயரம் என்று பெயரிட்டார். உறவு ஏற்கப்படாததாக இருந்தாலோ, இழப்பு இழப்பாகவே கருதப்படாவிட்டாலோ, இறந்த விதம் வெளியில் சொல்ல முடியாததாக இருந்தாலோ இது நேர்கிறது. கருச்சிதைவுக்கு உள்ளான பெண்ணிடம் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லப்படுகிறது. பிறந்து சில நாளில் இறந்த குழந்தைக்குப் பல சமூகங்களில் கருமாதி இல்லை. தற்கொலை நேர்ந்த வீட்டில் காவல்துறை விசாரணையும் ஊர்ப்பேச்சும் அழுகைக்கு இடமே வைப்பதில்லை. சாதி மறுத்த காதலையோ தன்பாலின உறவையோ மறைத்து வாழ்ந்தவர் துணையின் சாவு வீட்டில் அயலாராக நிற்க நேர்கிறது. குழந்தைகளும் இவ்வரிசையில் அடங்குவர். இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பதை ஐந்து முதல் ஏழு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் புரிந்துகொள்ளத் தொடங்குகின்றனர். தூங்குகிறார், வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லப்பட்ட குழந்தை உறக்கத்தையும் பயணத்தையும் கண்டு அஞ்சவோ, திரும்பாதவர்மீது கோபம் கொள்ளவோ கூடும். சற்று நேரம் அழுதுவிட்டு உடனே விளையாடச் செல்வது அதன் துயரின் இயல்பான முறை என்பதால், எளிய சொற்களில் உண்மையைச் சொல்லி, கேட்கும் போதெல்லாம் மீண்டும் சொல்வதே உகந்தது.

இறப்பு உறுதியாகாதபோது

உடல் இல்லாத இழப்பு துயரத்தின் எல்லா வழிகளையும் அடைத்துவிடுகிறது. வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த பாலின் பாஸ், இருக்கிறாரா இல்லையா என்று தீர்மானிக்க முடியாத இந்நிலையைத் தெளிவற்ற இழப்பு என்று அழைத்தார். இறந்துவிட்டார் என்று கொண்டால் கைவிட்டவராவோம் என்ற அச்சமும், இருக்கிறார் என்று கொண்டால் முடிவற்ற காத்திருப்பும் ஒரே மனத்தில் மோதுவதால், துயரம் தொடங்கவும் இயலாமல் முடியவும் இயலாமல் நிற்கிறது என்பது அவருடைய விளக்கம். மறதி நோயால் பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்துவிட்ட தாயின் குடும்பமும், உடல் இருந்தும் உறவு இல்லாத மறுவகைத் தெளிவின்மையை அனுபவிப்பதாக அவர் சுட்டினார்.

இலங்கையில் இந்நிலை ஒரு தலைமுறையின் அனுபவமாகியிருக்கிறது. போரோடு தொடர்புடைய காணாமற்போனோர் குறித்த 16,000க்கும் மேற்பட்ட முறையீடுகள் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவிடம் பதிவாகியுள்ளன. இவர்களுள் அரசப் படையினரும் அடங்குவர். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின்னும், படையினரிடம் கையளிக்கப்பட்ட பிள்ளைக்கும் கணவனுக்கும் என்ன ஆயிற்று என்று கேட்டுத் தாய்மார் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 அன்று தொடங்கிய தொடர் போராட்டம் வடகிழக்கின் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. காணாமற்போனோருக்கான அலுவலகத்தை அமைக்கும் சட்டம் 2016இல் நிறைவேறியது; மரணச் சான்றிதழைப் பெற மனம் ஒப்பாத குடும்பங்களுக்காகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றை வழங்கவும் அதே ஆண்டில் வழிசெய்யப்பட்டது. வங்கிக் கணக்குக்கும் காணி உறுதிக்கும் அது உதவலாம்; ஆனால் பொட்டு வைப்பதா வேண்டாமா, ஆட்டத் திவசம் செய்வதா கூடாதா, மகளின் திருமண அழைப்பிதழில் தந்தையின் பெயரை எவ்வாறு போடுவது என்ற கேள்விகளுக்கு எந்தச் சான்றிதழும் விடை தருவதில்லை. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் விளைவுகளைத் தனிமனித நோயாக மட்டும் பாராமல் முழுச் சமூகத்தின் காயமாக நோக்கி, சடங்குகளையும் கூட்டு நினைவேந்தலையும் ஆற்றுப்படுத்தலின் பகுதியாகக் கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தியதற்கு இதுவே பின்னணி. நினைவேந்தல் தடுக்கப்படும் இடத்தில் உடன் அழ ஆள் என்ற இரண்டாவது காரணியும், உண்மை மறைக்கப்படும் இடத்தில் இறப்பின் உறுதி என்ற முதலாவதும் ஒருசேர இல்லாமற்போகின்றன.

மருத்துவம் தேவைப்படும் எல்லை

பெரும்பாலோரின் துயரம் சிகிச்சை இன்றியே தணிகிறது. ஆயினும் இழந்தவர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் ஏக்கமும் நினைவின் ஆக்கிரமிப்பும் குறையாமல் நீடிக்கின்றன. விபத்து, கொலை, தற்கொலை, பேரிடர் போன்றவற்றால் நேரும் இறப்புகளில் இவ்விகிதம் பல மடங்கு உயர்கிறது. நீடித்த துயரக் கோளாறு என்று பெயரிடப்பட்ட இந்நிலைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு ஆறு மாதத்தையும், அமெரிக்க வகைப்பாடு வயது வந்தோருக்குப் பன்னிரண்டு மாதத்தையும் குறைந்தபட்ச எல்லையாக வைக்கின்றன. தன்னில் ஒரு பகுதி செத்துவிட்டது போன்ற உணர்வு, இறப்பை நம்ப இயலாமை, அதை நினைவூட்டும் இடங்களையும் பொருள்களையும் தவிர்த்தல், கசப்பு, மரத்துப்போன உணர்ச்சி, வாழ்வு பொருளற்றதாகத் தோன்றல், கடும் தனிமை ஆகியவை அதன் அறிகுறிகள். அந்தந்தப் பண்பாடு இயல்பு எனக் கருதும் அளவை மீறினால் மட்டுமே இதைக் கோளாறாகக் கொள்ள வேண்டும் என்று இரு வகைப்பாடுகளும் நிபந்தனை விதித்தபோதிலும், அன்பின் விளைவை நோயாக்குவதா என்ற எதிர்ப்பு அறிஞர்களிடையே தொடர்கிறது. மனச்சோர்வு நோயிலிருந்து இது வேறுபட்டது. அங்கே எதிலும் ஆர்வமின்மை பரவிக் கிடக்க, இங்கே மனம் இழந்த ஒருவரை நோக்கியே ஓயாமல் திரும்புகிறது. அமெரிக்க உளமருத்துவர் கேத்தரின் ஷியர் உருவாக்கி, 2005 முதல் வெளியான ஆய்வுகளில் சோதித்துப் பார்த்த 16 அமர்வுச் சிகிச்சை, இறந்த நிகழ்வை விரிவாகச் சொல்லவைத்தும், தவிர்த்து வந்த இடங்களுக்குச் செல்லவைத்தும், இறந்தவரோடு கற்பனை உரையாடல் நிகழ்த்தவைத்தும், எதிர்காலத்துக்கான சிறு இலக்குகளை வகுக்கவைத்தும் பயன் கண்டிருக்கிறது. இறந்துவிட வேண்டும் என்ற எண்ணம் எழுந்தால் மாதக் கணக்குக்குக் காத்திராமல் உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

மருத்துவரைவிட முன்னதாகவும் நெடுநாளும் இருக்கக்கூடியவர்கள் சுற்றத்தாரே. ஒரே நாளில் பால் தெளிப்பையும் கருமாதியையும் முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் வழக்கம் நகரங்களில் பெருகிவரும் இக்காலத்தில், கூட்டம் கலைந்து வீடு வெறிச்சோடும் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும்தான் பலருக்கு முதல் வாரத்தைவிடக் கடினமாக இருக்கின்றன. தைரியமாக இரு, பிள்ளைகளுக்காக அழாதே, காலம் ஆற்றும் என்ற வாசகங்கள் கேட்பவரை மௌனமாக்குகின்றன. இறந்தவரின் பெயரைச் சொல்லி அவரைப் பற்றித் தமக்குத் தெரிந்த ஒரு செய்தியைப் பகிர்ந்துகொள்வது பேச வைக்கிறது. ஏதாவது வேண்டுமானால் சொல் என்று கூறிவிட்டுப் போவதைவிட, வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு உடன் செல்வதும், ஓய்வூதியப் படிவத்தை நிரப்பித் தருவதும், இழப்புக்குப் பின் வரும் முதல் தீபாவளியை விட்டுவிட்ட வீட்டுக்கு அன்று மதியம் உணவோடு போய் அமர்வதும் அதிகம் உதவும், ஏனெனில் துயரின் நடுவில் இருப்பவருக்குத் தமக்கு எது தேவை என்று எண்ணிக் கேட்கும் ஆற்றல் பெரும்பாலும் இருப்பதில்லை.